சாவி கொடுத்தால் ஓடும்

பெங்களூரில் குடியேறிய நம்மவர்களில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் கட்டாத குடும்பம் இருக்குமா என்பது சந்தேகமே. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு இவ்வூரில்தான் அதன் உற்பத்தி தொடங்கியது. அந்தக் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது. பழைய கடிகாரங்களை இனி நாமாகக் காப்பாற்றிக்கொண்டால்தான் உண்டு.

என்னிடம் ஒன்பது உள்ளன. தினப்படி கட்டுவது ஜனதா. 17 கல், காலையில் காபி ஆறுவதற்குள் சாவி கொடுத்து முடித்துவிடலாம். காஞ்சன் கையசைவில் தானே சாவி ஏறும் ரகம். ஒரு காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கிய பொருளாயிற்றே! மழைநாளுக்கு மட்டும் ஓசூர் டைட்டன் குவார்ட்ஸ்.

பழைய ஜனதா என்று விற்பதன் முகப்பு புத்தம்புதிதாகப் பளபளத்தால் உஷார். மறுபடி வண்ணம் பூசி, எழுத்தடித்து விற்கிறார்கள். எழுத்து தடித்தோ கோணலாகவோ இருந்தால் வாங்காதீர்கள்.

சங்க நண்பர் ஒருவர் தம் தகப்பனாரின் சோனாவைப் பல வருஷமாகப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். "கட்டினால் தேயும் சார்" என்பார். எனக்கு உடன்பாடில்லை. ஓடாத கடிகாரத்திலும் எண்ணெய் வற்றிக் கெட்டிப்படும். அப்படியே சாவி கொடுத்து ஓட்டினால்தான் உள்ளே தேய்மானம். முதலில் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெயிட வேண்டும். அதற்குக் கைதேர்ந்தவர்கள் அருகி வருகிறார்கள். எங்கள் பேட்டை ரிப்பேர்காரருக்கு வயது 76. மகன் செல்போன் கடை வைத்துவிட்டார். பெரியவருக்குக் கண் தெளிவாக இருக்கும்போதே சோனாவைக் கொடுத்துவிட நண்பர் ஒருவழியாகச் சம்மதித்திருக்கிறார். வரும் ஞாயிறு இருவருமாகப் போகிறோம்.