குடிவந்த உழைப்பும் உள்ளூர்க் கூலியும்: இலங்கை அனுபவம் பற்றிச் சில குறிப்புகள்

வெளியிலிருந்து குடிவரும் தொழிலாளர் சுதேசத் தொழிலாளரின் வேலையைப் பறித்து அவர்தம் கூலியையும் தாழ்த்திவிடுகின்றனர் என்பது முதலாளித்துவத்தோடு உடன்பிறந்த ஒரு கூற்றாகும். 1870இல் எழுதிய கடிதமொன்றில் மார்க்ஸ், ஆங்கிலத் தொழிலாளி ஐரிஷ் தொழிலாளியைப் போட்டியாளனாகக் கருதி வெறுப்பதைச் சுட்டி, அப்பகைமையே ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கத்தின் பலவீனத்துக்குக் காரணம் எனக் கண்டார். எனினும், அக்கூற்றை வெறும் மாயையென ஒதுக்கிவிடுவது விஞ்ஞான நோக்காகாது. கூலி எந்த நிலைமைகளில் தாழ்கின்றது என்பதே வினா.

கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலத்தில் கண்டிய விவசாயியைச் 'சோம்பேறி' என்றனர் துரைமார். (இச்சொல்லை நம்மவர் சிலரும் இன்றுவரை ஆராயாது வழிமொழிகின்றமை வருந்தத்தக்கது.) வயலும் சேனையும் உடையவன் அற்பக் கூலிக்குத் தோட்டக் கட்டுப்பாட்டை ஏற்காததில் வியப்பில்லை. வறட்சியும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்திய தமிழகத்துக் கிராமத்தவர்களே அவ்வேலைக்கு வந்தனர். காடு வெட்டுதல், வண்டியோட்டுதல், தச்சுவேலை முதலியன பெரும்பாலும் சிங்களவர் கையிலேயே இருந்தன. தோட்டங்கள் பெருக அவையும் பெருகின. கிராமத்தவன் இழந்தது வேலையையன்று, நிலத்தை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பயனைப் பெற்றவர் துரைமாரேயன்றிக் கூலியாட்களல்லர்.

தோட்டக் கூலி தாழ்ந்திருந்தமைக்கு ஆட்தொகை மட்டும் காரணமன்று. கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியைக் கரையேறுமுன்னரே கடனாளியாக்கியது. கடன் தொகை குறித்த 'துண்டு' இன்றி அவன் வேறு தோட்டம் செல்லவியலாது. அக்கடனைப் புதிய தோட்டம் தீர்த்தாலே விடுதலை. அம்முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் குறைந்தபட்ச நாட்கூலியாயின. கொழுந்து பறிக்கும் பிரதான உழைப்பைப் பெண்களே நல்கினர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கொழும்பின் நிலைமை சற்று வேறானது. 1923இன் பொது வேலைநிறுத்தத்திலே சிங்களத் தொழிலாளரும் இந்தியத் தொழிலாளரும் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் ஒருங்கே நின்றனர். 1929இன் பின் உலகப் பொருளாதார மந்தம் வேலைகளைச் சுருக்கியபோது, குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்து குறைந்த செலவில் வாழ்ந்த மலையாளத் தொழிலாளியின் போட்டி மெய்யாகவே உணரப்பட்டது. அதனை மறுப்பதிற் பயனில்லை. ஆனால் வேலையைச் சுருக்கியவன் மலையாளியல்லன். குணசிங்க மலையாளிகளுக்கு எதிரான கிளர்ச்சியை நாடினார்; 1933இல் வெள்ளவத்தை நூற்பு, நெசவாலை வேலைநிறுத்தத்தை எதிர்த்தார். இரு சாராரையும் ஒரே சங்கத்திற் சேர்த்து அதனை நடத்தியவர்கள் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள். இவ்விரு வழிகளுள் எது கூலியை உயர்த்த வல்லது என்பதைப் பின்வந்த வரலாறு காட்டிற்று.

1939இல் அரசாங்கம் நாட்கூலிக்கு அமர்த்திய இந்தியரை வேலையிலிருந்து நீக்க முற்பட்டது. அதற்குப் பதிலாக இந்திய அரசாங்கம் பயிற்சியற்ற தொழிலாளரின் இலங்கை வருகையைத் தடைசெய்தது. வரவே கூலியைத் தாழ்த்திற்று என்பது உண்மையாயின், அது நின்றபின் தோட்டக் கூலி ஏனைய துறைகளை எட்டியிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டில் வாக்கும் பறிபோயிற்று. லயத்தை விட்டுச் செல்ல இடமின்றி, சட்டமன்றிற் பேசவும் ஆளின்றி நின்றவர்களின் பேரம்பேசும் வலிமை எத்தகையதாயிருக்கும்? ஆண் பெண் கூலி சமமாவதற்கு 1984வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2015இல் எழுந்த 1000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கை 2021இலேயே சம்பளச் சபையூடாக நிறைவேறியது. அச்சபையின் தீர்மானங்கள் இனம் பார்ப்பனவல்ல. இந்தியாவிலிருந்து எவரும் வராத அத்தனை ஆண்டுகளிலும், காலி, மாத்தறைத் தோட்டங்களிற் கொழுந்து பறித்த சிங்களப் பெண்ணுக்கும் அவை விதித்தது அதே கூலியைத்தான்.