பகலில் மூச்சடக்கும் செடி

இத்தாலியக் கடற்கரையின் மேற்குக் கோடியில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி, கடலை நோக்கிச் சரியும் மலைச்சரிவில் இருக்கிறது ஹான்பரி தோட்டம். 1867-இல் தாமஸ் ஹான்பரி அந்த இடத்தை வாங்கினார். குளிர்காலம் இதமானது, கோடையிலோ மழை அபூர்வம். அப்படிப்பட்ட மண்ணில் எதை நடுவது? தாகத்துக்கென்றே படைக்கப்பட்டவற்றை நட வேண்டும். அங்கே அப்படித்தான் நட்டார்கள். 1897 முதல் 1914 வரை தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஆல்வின் பெர்கர், ஆனைக்கற்றாழை இனங்களைப் பற்றி 1915-இல் தனி நூலே வெளியிட்டார்.

கடலோரத் தோட்டத்துக்குக் கம்பீரமான ஒரு செடி வேண்டுமென்றால், நான் முதலில் கைகாட்டுவது ஆனைக்கற்றாழையைத்தான். மெக்சிகோவில் பிறந்து, நம் ஊர் வேலிகளுக்கும் ரயில் பாதை ஓரங்களுக்கும் வந்து சேர்ந்த அதே செடி.

அருகில் குனிந்து பாருங்கள். சாம்பல் பூத்த மடலை விரலால் தேய்த்தால் மாவுபோல் மெழுகு ஒட்டும். வெயிலுக்கு அது போர்வை. மடலின் முதுகில் அலை அலையாக ஒரு தடம் தெரியும். குருத்தில் ஒன்றையொன்று இறுகத் தழுவியிருந்த காலத்தில் பக்கத்து மடலின் முட்கள் பதித்த அச்சு அது. எந்தச் சிற்பியின் உளி இவ்வளவு நுணுக்கமாக இழைக்கும்! ஒவ்வொரு மடலும் குழிந்த வாய்க்கால். விழும் தூறலை அடிவேருக்கு வழிநடத்துகிறது. பகலெல்லாம் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளுமையில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாகச் சேமித்துவைக்கிறது. விடிந்ததும் வெயிலைக்கொண்டு அதையே உணவாக்குகிறது. சொட்டு நீரையும் வீணாக்காத இந்த ஞானத்தை அதற்கு ஊட்டியவன் எவனோ, அவனைக் கைகூப்பாமல் இருக்க முடியவில்லை.

நடும்போது தண்ணீர் தேங்காத சரிவைத் தேர்ந்தெடுங்கள். நடைபாதையிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நடுங்கள். நுனிமுள் குழந்தைகளின் கண் உயரத்தில் நிற்கும். சின்னக் கன்றுதானே என்று நினைத்து நெருக்கிவைத்தால் பிறகு வெட்டத்தான் நேரும். அந்த வடிவை வெட்டுவது பாவம். பக்கத்தில் குளிர்காலத்தில் செந்நிறமாகப் பூக்கும் மரச்சோற்றுக்கற்றாழை இருந்தால் போதும்.

பத்து, இருபது, முப்பது ஆண்டுகள்கூடக் காத்திருந்து, ஒருநாள் ஆனைக்கற்றாழையின் நடுவிலிருந்து தண்டு கிளம்பும். ஆறு, ஏழு மீட்டர் உயரம் போய் மஞ்சள் பூக்களை ஏந்தும். சேர்த்துவைத்ததையெல்லாம் அந்த ஒரே பூப்புக்குக் கொடுத்துவிட்டு மடல்கள் வாடிச் சாயும். அந்தக் காய்ந்த அடியை விலக்கினால், சுற்றிலும் சாம்பல் பச்சையில் சின்னக் குருத்துகள், முள்ளும் அச்சும் சகிதமாக.