நெஞ்சு படபடக்கிறதா? நில்லுங்கள், ஓடாதீர்கள்!

கவலை இல்லாத குடும்பம் எங்கே இருக்கிறது? பையனுக்குப் பரீட்சை, பெண்ணுக்கு வரன், மாதக் கடைசியில் பால் கணக்கு என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் கவலைகளுக்கெல்லாம் காரணம் உண்டு. காரணம் தீர்ந்தால் கவலையும் தீரும். இங்கே நாம் பேசப் போவது வேறு. காரணமே இல்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஆளையே உலுக்கிவிட்டுப் போகிற ஒரு பயத்தைப் பற்றி.

கடையில் பில் போட வரிசையில் நிற்கிறீர்கள். அல்லது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. மூச்சு முட்டுகிறது. கை கால் வெலவெலத்துப் போகிறது. உள்ளங்கை வேர்த்துக் கொட்டுகிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. "இதோ, உயிர் போகப் போகிறது" என்றோ, "புத்தி பேதலிக்கப் போகிறது" என்றோ நிச்சயமாகத் தோன்றுகிறது. சில பேருக்கு நல்ல தூக்கத்திலிருந்தே இப்படித் தூக்கிவாரிப் போடுவதும் உண்டு. அநேகமாகப் பத்து நிமிஷத்துக்குள் அது உச்சத்தைத் தொட்டுவிடும். பிறகு மெல்ல மெல்ல இறங்கும்.

வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். "வாயு" என்பார் மாமனார். "திருஷ்டி" என்பார் மாமியார். "எல்லாம் மனப் பிரமை" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுவார் கணவர். வைத்திய சாஸ்திரத்தில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது: திடீர்ப் பீதி. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்னுடைய நோய்ப் பட்டியலில் இதைத் தனி இனமாகவே சேர்த்துவிட்டது.

உடம்பு செய்யும் கைங்கரியம்

எதிரே ஒரு புலி வந்து நிற்கிறதென்று வைத்துக்கொள்வோம். நாம் யோசிப்பதற்கு முன்னாலேயே உடம்பு தயாராகிவிடும். அட்ரினலின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலக்கும். ஓடவோ, எதிர்த்து நிற்கவோ தசைகளுக்கு அதிக ரத்தம் வேண்டுமல்லவா? அதனால் இருதயம் வேகமாக அடிக்கும். மூச்சு வேகமாக வாங்கும். உயிரைக் காப்பாற்ற இயற்கை செய்து வைத்திருக்கும் ஏற்பாடு இது.

புலி இல்லாத நேரத்தில் இந்த அபாய மணி தானாக அடித்துவிட்டால் அதுதான் திடீர்ப் பீதி. மூச்சை அளவுக்கு மீறி வாங்குவதால் உடம்பிலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடுகிறது. விரல்கள் மரத்துப் போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். "மயங்கி விழுந்துவிடுவேனோ?" என்று பயப்படுவோர் பலர். ஆனால், ரத்த அழுத்தம் குறையும்போது வருவது மயக்கம். பீதியின்போதோ சாதாரணமாக அது ஏறத்தான் செய்கிறது. ஆகவே விழுவது அபூர்வம்.

கோழைகளின் வியாதியா?

ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. உடனே "பெண் புத்தி, பயந்த சுபாவம்" என்று யாராவது ஆரம்பித்தால், அவருக்கு அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தப் போரில் படபடப்பும் நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலுமாக வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்களை டா கோஸ்டா என்ற டாக்டர் பரிசோதித்து, 1871-ல் எழுதி வைத்தார். அவர்களுடைய இருதயத்தில் பெரும்பாலும் கோளாறு ஒன்றும் தென்படவில்லை. அவர் எழுதி வைத்த குறிகள் இன்று திடீர்ப் பீதிக்குச் சொல்லப்படும் குறிகளோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. துப்பாக்கி பிடித்தவர்களையே விடாதது, கரண்டி பிடித்தவர்களை மட்டும் விடுமா?

ஸிட்னி நகரத்துப் பெண்மணி

இந்தத் தொல்லையை உள்ளிருந்தே அறிந்து, அதற்கு வழியும் சொன்னவர் ஒரு பெண்மணி. ஆஸ்திரேலியாவில் 1903-ல் பிறந்த கிளேர் வீக்ஸ். பல்லி இனங்களை ஆராய்ந்து, ஸிட்னி சர்வகலாசாலையில் விஞ்ஞான டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண். இளம் வயதில் அவருக்குக் காச நோய் என்று தவறாகச் சொல்லி, மாதக் கணக்கில் படுக்க வைத்துவிட்டார்கள். நோய் இல்லை என்று தெரிந்து வெளியே வந்தபோது, வேறொன்று வந்து சேர்ந்திருந்தது: ஓயாத நெஞ்சுப் படபடப்பு.

எத்தனை படித்திருந்தும் அது ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. முதல் உலக யுத்தத்தில் போரிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர்தான் புரிய வைத்தார். பதுங்கு குழிகளில் இருந்த சிப்பாய்களுக்கெல்லாம் இப்படித்தான் இருந்தது, இது வெறும் நரம்புத் தளர்ச்சியின் குறிதான் என்று அவர் சொன்னார். நெஞ்சு படபடக்கிறதே என்று பயந்து, அந்தப் பயத்தாலேயே படபடப்பை வளர்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது கிளேருக்கு விளங்கிவிட்டது. பிற்பாடு வைத்தியமும் படித்து டாக்டரான அவர், 1962-ல் எழுதிய புத்தகம் பல தேசங்களில் லட்சக்கணக்கான பேரைச் சென்றடைந்தது.

அவர் சொன்னதன் சாரம் இது: பயம் இரண்டு வகை. முதல் பயம் தானாக வருவது. அதை நம்மால் தடுக்க முடியாது. "ஐயோ, வந்துவிட்டதே! என்ன ஆகுமோ?" என்று நாம் அதன் தலையில் ஏற்றி வைப்பது இரண்டாவது பயம். நெருப்புக்கு நெய் வார்ப்பது இந்த இரண்டாவதுதான். வார்ப்பதை நிறுத்தினால், முதல் பயம் தானே எரிந்து அடங்கிவிடும்.

இதற்கு அவர் நான்கு படிகள் சொன்னார். எதிர்கொள்ளுங்கள், ஏற்றுக்கொள்ளுங்கள், அலையில் மிதப்பதுபோல் அதோடு மிதந்து செல்லுங்கள், குணமாகக் காலம் கொடுங்கள். சண்டை போடு என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வரும்போது என்ன செய்வது?

நின்ற இடத்திலேயே நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். ஓடாதீர்கள். ஓடினால் படபடப்பு நின்றுவிடும், வாஸ்தவம். ஆனால் "ஓடியதால்தான் பிழைத்தோம்" என்று மனம் பாடம் படித்துக்கொள்ளும். இன்று பஸ்ஸை விடுவீர்கள், நாளை கடைத்தெருவை, அப்புறம் கோயிலை, கல்யாண வீட்டை. கடைசியில் வாசற்படியே எல்லையாகிவிடும். இந்த நோயால் வரும் உண்மையான நஷ்டம் அந்தச் சில நிமிஷ வேதனையல்ல, இப்படிச் சுருங்கிப்போகும் வாழ்க்கைதான்.

மூச்சை நிதானமாக இழுத்து, அதைவிட நிதானமாக விடுங்கள். "இது அபாய மணி மட்டுமே, அபாயம் இல்லை" என்று சொல்லிக்கொள்ளுங்கள். விட்ட இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போங்கள். முதல் நாள் பஸ் ஸ்டாப் வரை, பிறகு ஒரு ஸ்டாப் தூரம், பிறகு இரண்டு.

இன்னொரு விஷயம், காப்பிப் பிரியைகள் மன்னிக்க வேண்டும். காப்பியில் உள்ள கஃபீன் சிலருக்குப் படபடப்பைக் கிளறிவிடும். ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் என்றால், மெல்லக் குறைத்துப் பாருங்கள்.

முதலில் டாக்டர்

எல்லாப் படபடப்பும் பீதிதான் என்று நீங்களே முடிவு கட்டிவிடக் கூடாது. முதல் தடவையாக நெஞ்சு வலி வந்தால், அல்லது வலி கை, தாடை, முதுகுக்குப் பரவினால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீரிழிவோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் இதில் சற்றும் தாமதிக்கக் கூடாது. தைராய்டுக் கோளாறும் ரத்த சோகையும்கூடப் படபடப்பு உண்டாக்கும், சோதனைகளில் தெரிந்துவிடும். ஆனால் "இருதயம் திடமாக இருக்கிறது" என்று டாக்டர் சொன்ன பிறகு, பத்தாவது இ.ஸி.ஜி. எடுக்க வேறு ஆஸ்பத்திரி தேட வேண்டாம். அடுத்துப் போக வேண்டியது மனநல மருத்துவரிடம்.

"என்ன, கீழ்ப்பாக்கத்துக்கா?" என்று கேலி பேசும் வழக்கம் சென்னையில் உண்டு. அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு 1961-ல் தலைமை ஏற்று நடத்தியவரே ஒரு பெண்மணி, டாக்டர் சாரதா மேனன். ஆயுள் முழுவதும் இந்தக் கூச்சத்தைப் போக்கப் பாடுபட்டவர் அவர். சர்க்கரைக்கு வைத்தியம் பார்ப்பதில் இல்லாத வெட்கம் இதற்கு மட்டும் எதற்கு?

சிகிச்சை இரண்டு விதம். ஒன்று, பயத்தை உண்டாக்கும் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கவும், பயந்த இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பவும் பழக்கும் பேச்சுச் சிகிச்சை. மற்றொன்று மருந்து. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். பலன் தெரிந்ததும் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. பக்கத்து வீட்டம்மாள் கொடுத்த தூக்க மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். சில மாத்திரைகள் பழக்கமாகிவிடும்.

அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு. போய் வர இயலாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை அது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ ஒரு நிமிஷமும் தள்ளிப் போடக் கூடாது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டால் மாமியாருக்குத் திருப்தி என்றால், போடட்டும். டாக்டரிடம் போவதை அது தடுக்காமல் இருந்தால் சரி. கணவன்மார் "பிரமை" என்ற சொல்லை விட்டுவிடுவது நல்லது. படபடப்பு நிஜம், வேதனையும் நிஜம். பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருங்கள், போதும். அதற்காக அவள் வேலையையெல்லாம் நீங்களே செய்து, அவளை வீட்டுக்குள் உட்கார்த்தியும் வைத்துவிடாதீர்கள். முதல் நாள் பஸ் ஸ்டாப் வரை கூடப் போங்கள். மறுநாள் பத்தடி பின்னால் நடங்கள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் கொஞ்ச நாளாகக் கண்ணில் படவில்லையா? "ஏம்மா, உடம்புக்கு என்ன?" என்று ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். சொல்ல ஆள் கிடைக்காமல்தான் பலர் உள்ளேயே இருந்துவிடுகிறார்கள்.