ஒழுகும் இடம் எது, பழுதான இடம் எது?

மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலைச் சரிவுகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் பழைய லேண்ட் ரோவர்கள் இன்னும் மூட்டை சுமக்கின்றன. அங்குள்ள போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929இல். லேண்ட் ரோவர் வெளிவந்தது 1948இல். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் வண்டியின் கூட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். மழை ஓயாத இந்த மலையில் அந்தக் கூடு துருவுக்குத் தப்பிவிட்டது. இன்ஜினின் இணைப்புகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வண்டியை நிறுத்திய இடத்தில் கறுப்பாக ஆயில் சொட்டியிருக்கும்.

சொட்டும் இடத்தைப் பார்த்துப் பழுதை முடிவுசெய்தால் ஏமாந்துபோவோம். ஆயில் கீழ்நோக்கி வழியும். முன்னாலிருக்கும் காற்றாடி அதைப் பின்னுக்குத் தள்ளும். உச்சியில் டாப்பெட் கவரில் கசிந்தது, இன்ஜினின் பின்னடியில் வந்து சொட்டும். அதனால் முதலில் இன்ஜினைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ, கசிவு அங்கேதான்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கூட்டின் அடியில் ஒரு துளை இருக்கும். வேண்டுமென்றே விட்ட துளை அது. இருபுறமும் உள்ள சீல்களில் எது கசிந்தாலும் ஆயில் தேங்கிக் கிளட்சை நனைக்காமல் வெளியேற வழி. ஆற்றில் இறங்கும்போது மட்டும் அதைத் திருகு மூடியால் அடைப்பார்கள். அங்கே சொட்டுவது இன்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா? முகர்ந்தாலே தெரியும். கியர் ஆயிலில் கந்தகச் சேர்மானம் உண்டு. அதன் நெடி தனி.

பழைய இன்ஜின்களில் இணைப்புகளுக்கு நடுவே வைக்கும் பேக்கிங்குகள் பல தக்கையால் ஆனவை. தக்கை என்பது காற்றடைத்த நுண்ணறைகளின் கூட்டம். அழுத்தினால் ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கும். தக்கை தனக்குள்ளேயே ஒடுங்கும். மேடுபள்ளமான பரப்பில் அது படிந்து உட்காருவது அதனால்தான். ஆனால் ஆண்டுக்கணக்கான சூட்டில் காய்ந்து சுருங்கிவிடும். உடனே ஸ்பேனரை எடுத்து நட்டை முறுக்கத் தோன்றும். அதிகமாக முறுக்கினால் நட்டுக்கு அடியில் மூடியின் தகரம் வளைந்து, இரண்டு நட்டுகளுக்கு நடுவே இடைவெளி திறக்கும். கசிவு கூடும்.

வியப்பு கிராங்க் தண்டின் ஆயில் சீலில் இருக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழலும் தண்டை ரப்பர் உதடு ஒன்று தழுவி நிற்கிறது. இரண்டும் ஒட்டி உரசினால் ரப்பர் கருகிவிடும். அதனால் நடுவே ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனில், ஆயில் படலம் இருந்தாக வேண்டும். அது ஏன் வெளியே வருவதில்லை? உதட்டின் இரு பக்கச் சாய்வும் சமமாக இருக்காது. அதோடு ரப்பர் பரப்பின் நுண்மேடுகள், தண்டு சுழலும்போது ஆயிலை உள்நோக்கியே தள்ளுகின்றன. நல்ல சீல் வெறும் தடுப்பு அன்று. ஒரு நுண்ணிய பம்பு. ரப்பர் முதுமையில் இறுகினால் அந்தப் பம்பு நின்றுபோகும். உதடு படும் இடத்தில் எஃகிலும் மெல்லிய பள்ளம் விழும். அதைக் கவனிக்காமல் புதுச் சீல் போட்டால் அதுவும் ஒழுகும்.

பள்ளம் இல்லாத தண்டில் போட்ட புதுச் சீலும் சில வாரங்களில் ஒழுகினால், காரணம் பெரும்பாலும் இன்ஜினுக்குள் சேரும் அழுத்தம். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எரிந்த வாயு சிலிண்டரைத் தாண்டிக் கீழே இறங்கும். அது வெளியேறுவதற்காக ஆயில் ஊற்றும் மூடியில் கம்பிவலை வைத்த சுவாச வழி உண்டு. பிசுக்கு ஏறி வலை அடைத்தால், விசில் அடைத்த குக்கரின் கதைதான்: எந்த இணைப்பு இளைத்ததோ, அதன் வழியே ஆயில் பீறிடும். மலைச்சாலையில் இது இரட்டிப்பாகிறது. ஏற்றத்தில் இன்ஜின் திணறுவதால் கீழிறங்கும் வாயு கூடுகிறது. அதே நேரம் வண்டி அண்ணாந்து நிற்பதால் அடித்தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயில் பின்பக்கம், பின் சீலை நோக்கிச் சேர்கிறது. சமவெளியில் சொட்டாத வண்டி மலையில் சொட்டுவது இப்படித்தான்.

கெட்டியான ஆயில் ஊற்றுவது தீர்வாகாது. 20டபிள்யூ-50 ஆயிலே 40 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 100 டிகிரியில் சுமார் ஒன்பது மடங்கு இளகிவிடும். இன்னும் கெட்டியானதை ஊற்றினால் கசிவு சற்று மந்தமாகும். குளிர்ந்த காலையில் உச்சிப் பாகங்களுக்கு ஆயில் ஏறுவதும் மந்தமாகும்.

கசிவை அப்படியே விடவும் முடியாது. ஒரு மில்லிலிட்டருக்கு முப்பது துளி என்று வைத்தால், பத்து வினாடிக்கு ஒரு சொட்டு, 83 மணி நேரத்தில் ஒரு லிட்டர். மழை அதைக் கழுவி ஓடையில் சேர்க்கும்.

ஆகவே வரிசை முக்கியம்: கழுவிப் பார்ப்பது, சுவாச வலையைச் சுத்தம் செய்வது, டாப்பெட் கவர் பேக்கிங், சம்ப் பேக்கிங், கடைசியில்தான் பின் சீல். அதற்குக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. அழுத்தம் இறங்காத இன்ஜினில், கியர்பாக்ஸை இறக்கிப் போடும் சீலும் வீண்தான்.