பூனையின் பிடரியில் ஒரு சொட்டு

கேமரன் மலைக் குளிரில் தெள்ளு எப்படிப் பிழைக்கிறது? தெள்ளின் புழுவுக்கு வேண்டியது ஈரக்காற்று; அது தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஏராளம். இங்குள்ள குளிர் அதைக் கொல்லாது, வளர்ச்சியைத்தான் தாமதப்படுத்தும்.

தெள்ளுக்கான சொட்டு மருந்தைப் பிடரியில் விடுவது, பூனையின் நாக்கு அங்கே எட்டாது என்பதால்தான். அம்மருந்துகளில் ஒன்றான ஃபிப்ரோனில் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கசியும். இமிடாக்ளோப்ரிட்டும் தோல் எண்ணெயில்தான் பரவுகிறது. இரண்டுமே தெள்ளின் நரம்புகளைத் தாக்குபவை. செலாமெக்டின் இரத்தத்தில் கலக்கும். காதுப்பூச்சிக்கும் அதுவே மருந்து; இதயப்புழு வராமலும் தடுக்கும். என் ஓட்டு இதற்குத்தான், விலை கூடுதல் என்றாலும்.

மிச்சம் பிடிப்பதாக நினைத்து நாய்ச் சொட்டைப் பூனைக்கு விடுவதுதான் பேராபத்து. பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாயின் ஈரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலில் அதற்கான நொதித்திறன் மிகக் குறைவு. நடுக்கம், வலிப்பு, மரணம்கூட நேரலாம். (பாராசிட்டமாலும் பூனைக்கு நஞ்சாவது இதே குறையால்தான்.) டீ ட்ரீ எண்ணெயும் ஆகாது; அதற்கும் நம் தேயிலைச் செடிக்கும் உறவில்லை.

மருந்து விட்ட பிறகும் தெள்ளு தென்படுகிறதா? கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவை எந்தச் சொட்டும் எட்டாது. அது மாதக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும். ஆகவே பூனை படுக்கும் துணியைச் சுடுநீரில் துவையுங்கள், மாதச் சொட்டை நிறுத்தாதீர்கள். வாங்குமுன் உறையில் ‘பூனைக்கு’ என்று இருக்கிறதா, எடை பொருந்துகிறதா என்று பாருங்கள்.