தூரிகை அவர்கள் கையிலேயே இருக்கட்டும்

முதியோர் இல்லத்தில் ஒரு நாளின் பெரும்பாலான முடிவுகளைப் பிறரே எடுக்கிறார்கள். எழும் நேரம், குளிக்கும் நேரம், உணவு, மாத்திரை, விளக்கணைக்கும் நேரம் எல்லாம் முன்பே வகுக்கப்பட்டவை. பலரைப் பாதுகாப்பாகப் பராமரிக்க இந்த ஒழுங்கு தேவைதான். ஆயினும், ஒரு குடும்பத்தையே நடத்தியவருக்கு 'இது என் விருப்பம்' என்று சொல்ல ஓரிடமும் இல்லாமற்போவது நோயைப் போலவே வருத்தக்கூடியது. நல்ல ஓவிய வகுப்பு அந்த இடத்தைத் திரும்பத் தருகிறது. சிவப்பா நீலமா, எங்கே தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை அங்கே முதியவரே தீர்மானிக்கிறார்.

'கை நடுங்குகிறது, கண் மங்கிவிட்டது, இனி ஓவியமா?' என்ற தயக்கம் முதியவர்களுக்கும் வரும், நமக்கும் வரும். மாற வேண்டியது அவர்களுடைய கை அன்று, கருவியே என்பதுதான் இத்தகைய வகுப்புகளின் அடிப்படை. பெரும் ஓவியர்கள் பலர் முதுமையில் இவ்வழியையே நாடினர். பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் விரல்கள் முடக்குவாதத்தால் மடங்கிப்போயின. உள்ளங்கையில் துணிப்பட்டை சுற்றி, பிறர் எடுத்து வைத்த தூரிகையைப் பிடித்து, 1919இல் இறக்கும் காலம்வரை அவர் வரைந்தார். மத்தீஸ் 1941இல் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டபின் சக்கர நாற்காலியை நாட நேர்ந்தது. பின்னர் அவர் வண்ணத்தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, அவற்றை உதவியாளர்களைக் கொண்டு பொருத்தச் செய்தார். சாந்திநிகேதனின் வினோத் பிகாரி முகர்ஜி பார்வையை முற்றிலும் இழந்தார். அதன் பிறகும் தாளை வெட்டியும் ஒட்டியும் அவர் படைத்துக்கொண்டே இருந்தார். மூவருக்கும் பிறர் கை உதவியது; ஆனால் முடிவு அவர்களுடையதாகவே இருந்தது.

நம் இல்லத்து முதியவர் ஓவியராக இருக்க வேண்டியதில்லை. அவருடைய உடல்நிலைக்கேற்ற சிறு மாற்றங்கள் போதும்.

மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு மெல்லிய தூரிகையைப் பற்றுவதே வேதனை. அதன் காம்பில் துணியையோ பஞ்சுக் குழாயையோ சுற்றித் தடிமனாக்கினால் பிடி எளிதாகும். காலையில் மூட்டுகள் இறுகியிருப்பின் வகுப்பை முற்பகலுக்குத் தள்ளிவைக்கலாம். இடையிடையே ஓய்வும் தேவை.

பார்க்கின்சன் நோயால் கை நடுங்குவோர் முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொள்ளட்டும். தாளின் நான்கு மூலைகளையும் ஒட்டிவிட்டால் அது நகராது. மாத்திரை நன்கு வேலைசெய்யும் வேளையே வகுப்புக்கு ஏற்றது. பஞ்சால் ஒற்றி எடுக்கும் ஓவியத்தில் நடுக்கம் ஒரு குறையாகவே தெரியாது.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட பக்கவாதத்தில் சிலர் தம் இடப்பக்கத்தைக் கவனிக்கத் தவறுவர். தாளின் பாதி வெறுமையாகவே நின்றுவிடும். இட ஓரத்தில் பளிச்சென்ற சிவப்புப் பட்டையை ஒட்டி, அதைத் தேடிக் கண்டபின் தொடங்கச் சொல்லலாம்.

பார்வை குன்றியோருக்கு வெள்ளை மேசைமீது வைத்த வெள்ளைத் தாளின் விளிம்பே புலப்படாது. தாளுக்கடியில் கறுப்புத் துணியை விரியுங்கள். உருவத்தின் கோடுகளைப் பசையால் இட்டு உலரவிட்டால், விரலால் தடவி அறிந்து வண்ணம் தீட்டலாம்.

மறதிநோய் உள்ளவர்களிடம் ஒரு நேரத்தில் ஒரு தூரிகையையும் ஓரிரு வண்ணங்களையும் மட்டுமே கொடுங்கள். நீண்ட விளக்கத்தைவிட ஒருமுறை செய்துகாட்டுவதே பயன்தரும். நினைவுகள் மங்கினாலும், கை நெடுங்காலம் பழகிய செயல்கள் பெரும்பாலும் பிந்தியே மறைகின்றன. வாழ்நாளெல்லாம் வாசலில் கோலமிட்ட ஒருவருக்குக் கரும்பலகையையும் சுண்ணக்கட்டியையும் கொடுத்துப் பாருங்கள். புள்ளி வைக்க அவர் கை தானாகவே எழக்கூடும். குனிந்து அமர முடியாதவருக்கு மேசையே வாசலாகட்டும்.

பாதுகாப்பில் ஒன்றை மறவாதீர்கள். தூரிகை கழுவும் நீரைக் குடிநீர்த் தம்ளரில் வைக்கக் கூடாது. மறதியுள்ளவர் அதைக் குடித்துவிடக்கூடும். நச்சற்ற வண்ணங்களையே வாங்குங்கள். மணி, களிமண் போன்றவை நம் பார்வையிலேயே இருக்கட்டும். எந்தக் கருவி பொருந்தும் என்ற ஐயம் எழுந்தால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வழிகாட்டுவார்.

கருவியைவிடக் கடினமானது நம் பொறுமை. கோடு கோணும்போது தூரிகையை வாங்கி நாமே திருத்திவிடத் தோன்றும். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். ஆயினும் அந்தக் கணமே அது அவருடைய ஓவியம் அல்லாமற்போகிறது. தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள், வண்ணம் குழைத்துக் கொடுங்கள், அத்துடன் நில்லுங்கள். 'இது என்ன?' என்று கேட்டால் அது தேர்வாகிவிடும். 'இந்த மஞ்சள் அழகாக இருக்கிறது, இதைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் உரையாடலாகும். குழந்தைகளின் வண்ணப் புத்தகத்தைக் கொடுத்துக் கைதட்டுவதும் வேண்டாம். பெரியவர்கள் அதிலுள்ள இளக்காரத்தை உணர்ந்துவிடுவார்கள். படம் முடிந்தபின் அவர் பெயரை அவரே எழுதட்டும். சுவரில் மாட்டுவதற்கும் அவரிடமே அனுமதி கேளுங்கள்.

ஓவியம் மருந்துக்கு மாற்று அன்று. மறதிநோயையோ பக்கவாதத்தையோ அது குணமாக்கிவிடாது. ஆனால், கலைகள் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் துணைசெய்வதை உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2019இல் வெளியிட்ட அறிக்கை, 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியுள்ளது. நாம் அன்றாடம் காணக்கூடிய பயன் இன்னும் எளியது. 'சாப்பிட்டீர்களா?' என்பதற்குப் பின் பேச்சற்றுப் போகும் சந்திப்பில், இருவரும் சேர்ந்து பார்க்க ஒரு படம் இருக்கும்.

அடுத்த முறை செல்லும்போது பழங்களுடன் ஒரு தடித்த தூரிகையும் இரண்டு வண்ணங்களும் எடுத்துச் செல்லுங்கள். அரைமணி நேரம் அருகில் அமருங்கள். 'இன்று வேண்டாம்' என்று அவர் சொன்னால் மனம் தளராமல் எடுத்துவைத்துவிடுங்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதான்.