இடிபட்ட கார்: பழுது பார்ப்பதா, விட்டுவிடுவதா?

நம்பர் 1 டோல்கேட்டிலோ சமயபுரம் சாலையிலோ கார் இடிபட்டதும், ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பலர் அதை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப்போய், "பாத்துப் பண்ணிக் குடுங்க தம்பி" என்று சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். அதன்பின் காரின் கதியை ஒர்க்‌ஷாப்காரரோ புரோக்கரோதான் தீர்மானிக்கிறார். பாலிசியை ஒருவரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

முதலில் அதைப் பாருங்கள். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்தச் சேதத்துக்கான பகுதியைப் பலர் ஓராண்டுக்கு மட்டும் எடுத்துவிட்டு, 'மூணு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு' என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பகுதி காலாவதியானால் உங்கள் பாலிசியிலிருந்து உங்கள் காருக்கு ஒரு ரூபாயும் வராது.

அடுத்து ஐ.டி.வி., அதாவது பாலிசியில் உங்கள் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு. பழுதுச் செலவு இந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்', அதாவது பழுது பார்ப்பது கட்டுப்படியாகாத முழு இழப்பு. ஐ.டி.வி. 4 லட்சம் என்றால் வரம்பு 3 லட்சம். எஸ்டிமேட் 2.80 லட்சத்தில் நின்றால் உஷாராகுங்கள். கழற்றிய பிறகுதான் சேஸிஸ் வளைந்திருப்பது தெரியும். கூடுதல் எஸ்டிமேட் எழுதி, சர்வேயர் மறுபடி பார்க்கும்வரை வேலையைத் தொடங்க விடாதீர்கள். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் விலையில் பாதி உங்கள் தலையில் விழும். 'என் கையிலிருந்து எவ்வளவு?' என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சர்வே அறிக்கையின் நகலையும் கேளுங்கள். சேஸிஸ் வளைந்து ஏர்பேக்கும் வெடித்த பழைய காரில் கைக்காசைக் கொட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

விட்டுவிடுவது என்று முடிவானால் ஆர்.சி.யில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காயலான் கடைக்குப் போனாலும் அரசுப் பதிவேட்டில் கார் உங்கள் பெயரிலேயே இருக்கும். அந்த ஆர்.சி.யும் சேஸிஸ் எண்ணும் திருட்டுக் காருக்குப் பயன்படலாம். கைமாறிய கார் விபத்து செய்தால்கூட, பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்துவிட்டது.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55-இன்படி, இனி ஓடாத வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் நீங்கள் வசிக்கும் பகுதியின் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். ஸ்ரீரங்கவாசிகளுக்கு அது டி.என். 48 அலுவலகம். பதிவு ரத்து கோரும் மனு, அசல் ஆர்.சி., டோட்டல் லாஸ் கடிதம், கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி. ஆகியவற்றுடன் போங்கள். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். கவுன்ட்டரில் 'அப்புறம் வாங்க' என்று அலையவிடுவார்கள். தபால் பிரிவில் மனுவைக் கொடுத்து, நகலில் தேதியுடன் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

புரோக்கருக்கு விற்றால், நிரப்பாத பெயர்மாற்றப் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். வாங்குபவர் பெயரை எழுதிய பிறகே கையெழுத்து. பெயர் மாறியதை ஆர்.டி.ஓ. பதிவில் கண்ணால் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன்: வெற்றுப் படிவத்தில் கையெழுத்து கூடாது.

கிளைமைக் காப்பீட்டு நிறுவனம் குறைத்தாலோ மறுத்தாலோ அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், பதில் திருப்தி தராவிட்டாலும் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். இல்லாவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம்.